ஜாவாஸ்கிரிப்ட் லூப் இழுக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கலாம்

"ஃபார்ஈச் மெதுவாமே, சாதா ஃபார் லூப்புக்கு மாற்றிவிடலாமா?" அரேயின் (உறுப்புகளின் பட்டியலின்) ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதிதான் லூப்; ஃபார், ஃபார்-ஆஃப், ஃபார்ஈச் எல்லாம் அதை எழுதும் வெவ்வேறு வடிவங்கள். இந்தக் கேள்வியோடு வருகிற நிரல்களைத் திறந்து பார்த்தால், நேரத்தைத் தின்பது பெரும்பாலும் லூப்பின் வடிவமாக இருக்காது. லூப்புக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு வரியாக இருக்கும், இல்லாவிட்டால் அளந்த விதமே கோளாறாக இருக்கும். வடிவத்தை மாற்றுவதால் பலன் கிடைக்கும் இடங்களும் உண்டு. அவை இந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். குரோமில் டெவ்டூல்ஸைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பதிவை ஓடவிட்டு, மெதுவாக இருக்கும் வேலையைச் செய்து பாருங்கள். பிறகு பாட்டம்-அப் பட்டியலை செல்ஃப் டைம் படி அடுக்குங்கள். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் என்றால் சிபியு-ப்ராஃப் என்ற ஃப்ளாக்கோடு ஓட்டினால், நிரல் முடிந்ததும் ஒரு ப்ரொஃபைல் கோப்பு விழும். அதையும் டெவ்டூல்ஸிலேயே திறக்கலாம். உங்கள் லூப் இருக்கும் ஃபங்ஷனோ அது கூப்பிடும் ஃபங்ஷன்களோ பட்டியலின் மேல் பகுதியில் இல்லையென்றால் லூப்பை விட்டுவிடுங்கள், பிரச்சினை வேறெங்கோ.

## அறிகுறி: பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஒவ்வொரு தடவையும் வேறு விடை சொல்கிறது

நேற்று ஃபார்-ஆஃப் ஜெயித்தது, இன்று ஃபார்ஈச் ஜெயிக்கிறது. இப்படி இருந்தால் எந்த முடிவையும் நம்பாதீர்கள். கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

அளந்த நேரம் ஒரு மில்லிசெகண்டை ஒட்டியா இருக்கிறது? அப்படியானால் கடிகாரத்தின் துல்லியமே போதாது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற செயலிப் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு பிரவுசர்கள் பெர்ஃபார்மன்ஸ்-நவ் தரும் நேரத்தை வேண்டுமென்றே மழுங்கடித்தன. சாதாரணப் பக்கத்தில் குரோம் 100 மைக்ரோசெகண்ட் அளவுக்கும், ஃபயர்ஃபாக்ஸ் 1 மில்லிசெகண்ட் அளவுக்கும் முழுமைப்படுத்தித்தான் தருகின்றன. ஆயிரம் உறுப்புள்ள அரேயை ஒரு தடவை சுற்றிவிட்டு "0 மில்லிசெகண்ட்" என்று பார்ப்பதில் அர்த்தம் இல்லை. மொத்த நேரம் சில நூறு மில்லிசெகண்ட் வரும் அளவுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டி, மொத்தத்தை அளந்து வகுங்கள்.

லூப்பின் விடையை எங்காவது பயன்படுத்துகிறீர்களா? கூட்டிய தொகையை யாருமே தொடவில்லை என்றால், அந்தக் கணக்கையே தூக்கிவிடும் உரிமை, நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலருக்கு உண்டு. அப்போது காலி லூப்பைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். சோதனை முடிந்ததும் தொகையை கன்சோலில் அச்சிட்டாலே போதும்.

முதல் சில சுற்றுகளையும் சேர்த்து அளக்கிறீர்களா? குரோமிலும் நோடிலும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சின் எடுத்த எடுப்பில் இக்னிஷன் என்ற இன்டர்ப்ரெட்டரில் ஓட்டும். நிரல் சூடான பிறகுதான் ஸ்பார்க்ப்ளக், மாக்லெவ், டர்போஃபேன் என்று ஒவ்வொரு படியாக ஏற்றும். ஆரம்பச் சுற்றுகளைத் தள்ளிவிட்டு அளங்கள். ஆனால் உங்கள் உண்மையான நிரலில் அந்த லூப் பக்கம் திறக்கும்போது ஒரே ஒரு தடவை ஓடுவதென்றால், சூடேற்றி அளந்த எண்ணால் உங்களுக்குப் பயனில்லை.

வரிசையை மாற்றினால் ஜெயிப்பது மாறுகிறதா? இதுதான் அதிகம் ஏமாற்றுவது. பலரும் "அளவிடு" என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் மூன்று லூப் வடிவங்களையும் கால்பேக்காக (கூப்பிடுவதற்குக் கொடுக்கும் ஃபங்ஷனாக) ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். முதலாவது வரும்போது அந்த இடத்தில் ஒரே ஒரு ஃபங்ஷன்தான் கூப்பிடப்பட்டிருக்கிறது, ஆகவே எஞ்சின் அதை உள்ளேயே இழைத்து விடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் வரும்போது அந்த அனுமானம் உடைந்து, கட்டிய நிரலைக் கலைத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. பலன், முதலில் நின்றவர் ஜெயிக்கிறார். மூன்றையும் தலைகீழ் வரிசையில் ஓட்டிப் பாருங்கள். ஜெயித்தவர் மாறினால் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனி நோட் ப்ராசஸில், அல்லது தனித்தனி பிரவுசர் டேப்பில், ஓட்டி அளக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்கள் ஆடினால் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டு, லேப்டாப்பை மின் இணைப்பில் போட்டு, சராசரிக்குப் பதிலாக நடுமதிப்பை எடுங்கள். இந்த அறிகுறிக்கு நிபுணரெல்லாம் தேவையில்லை.

## அறிகுறி: சின்ன டேட்டாவில் பறக்கிறது, டேட்டா கூடினால் படுத்துவிடுகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். ஒரு சோதனை போதும்: 5,000, 10,000, 20,000 என்று உறுப்புகளை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய் நேரத்தை எழுதுங்கள்.

நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் ஏறுகிறதா? லூப் ஒழுங்காக இருக்கிறது, அடுத்த அறிகுறிக்குப் போங்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு மடங்காக ஏறுகிறதா? லூப்புக்குள் இன்னொரு லூப் ஒளிந்திருக்கிறது. கீழே தேடுங்கள்.

உள்ளே இன்க்ளூட்ஸ், இண்டெக்ஸ்ஆஃப், ஃபைண்ட் இருக்கிறதா? பார்ப்பதற்கு ஒரு வரிதான், ஆனால் ஒவ்வொன்றும் முழு அரேயையும் தேடும். 20,000 ஆர்டர், 20,000 வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஃபைண்ட் போட்டு வாடிக்கையாளரைத் தேடினால், சராசரியாகப் பாதி தூரத்தில் கிடைத்தாலும் 20 கோடி ஒப்பீடு. வெளியே ஃபார்ஈச் இருந்தால் என்ன, ஃபார் இருந்தால் என்ன? வாடிக்கையாளர்களை ஒரு தடவை சுற்றி ஒரு மேப் ஆப்ஜெக்ட் (சாவி கொடுத்தால் மதிப்பை உடனே தருவது) கட்டிவிட்டு, ஆர்டர்களைச் சுற்றும்போது அதிலிருந்து எடுத்தால் மொத்தம் 40,000 படிகளில் வேலை முடியும். 'இருக்கிறதா இல்லையா' என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் செட் ஆப்ஜெக்ட்.

இந்த மாற்றத்தைச் செய்யும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, ஐடி ஒரு பக்கம் எண்ணாகவும் இன்னொரு பக்கம் ஸ்ட்ரிங்காகவும் இருப்பது. ஃபைண்டுக்குள் இரட்டைச் சமக்குறி போட்டிருந்தால் 12-உம் "12"-உம் பொருந்திப் போயிருக்கும். மேப்பில் அவை இரண்டும் வேறு வேறு சாவிகள், கிடைப்பது அன்டிஃபைன்ட்தான். இரண்டு, ஒரே ஐடி இரண்டு தடவை வந்தால் ஃபைண்ட் முதலாவதைத் தரும், மேப்போ கடைசியாகப் போட்டதை வைத்திருக்கும். வேகம் கூடியதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் பழைய விடையையும் புதிய விடையையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

ரெட்யூஸுக்குள் மூன்று புள்ளி ஸ்ப்ரெட் இருக்கிறதா? ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்த அரே முழுவதையும் புதிதாக நகலெடுக்கிறது. 20,000 உறுப்புக்கு 1, 2, 3 என்று கூடிக்கூடி ஏறக்குறைய 20 கோடி நகல். கான்கேட்டும் இதே கதைதான். புஷ் போட்டுவிட்டு அதே அரேயைத் திருப்பி அனுப்புங்கள். 'மாற்றக்கூடாது' என்ற ஒழுக்கம் ஃபங்ஷனுக்கு வெளியே தெரியும் அரேக்குத்தான், உள்ளே நீங்களே உருவாக்கியதைத் தாராளமாக மாற்றலாம்.

ஷிஃப்ட், அன்ஷிஃப்ட், ஸ்ப்ளைஸ்? முன்னால் ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பதெல்லாம் நகர வேண்டும். சின்ன அரேயில் எஞ்சின் தந்திரம் செய்து சமாளிக்கும், பெரிதானதும் முடியாது. வரிசையாக எடுப்பதற்கு ஒரு சுட்டெண்ணை நகர்த்திக்கொண்டே போனால் போதும், அரேயைத் தொடவே வேண்டாம். சில உறுப்புகளை நீக்க வேண்டுமென்றால் ஃபில்டர் போட்டுப் புது அரே எடுங்கள்.

இன்னர்ஹெச்டிஎம்எல்லில் கூட்டல்-சமம்? ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதையெல்லாம் ஸ்ட்ரிங்காக்கி, மறுபடி பார்ஸ் செய்து, புதிதாகக் கட்டுகிறது. பழைய எலிமெண்டுகளில் மாட்டியிருந்த லிஸனர்களும் போய்விடும். துண்டுகளை ஒரு அரேயில் சேர்த்து, லூப்புக்கு வெளியே ஒரே தடவை ஜாயின் போட்டு வையுங்கள்.

இவை எதுவும் இல்லாமலும் நான்கு மடங்கு ஏறுகிறதென்றால், லூப்பிலிருந்து கூப்பிடும் ஃபங்ஷன்களுக்குள் இறங்கித் தேட வேண்டும். அப்புறம் இன்னொன்று: இந்த ஆர்டர்-வாடிக்கையாளர் பொருத்தம் டேட்டாபேஸிலேயே ஒரு ஜாயினில் முடிந்திருக்க வேண்டிய வேலையாக இருக்கலாம். லட்சக்கணக்கான வரிகளை இழுத்துவந்து ஜாவாஸ்கிரிப்டில் பொருத்துகிறீர்கள் என்றால், லூப்பைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு டேட்டாபேஸ் பார்த்துக்கொள்பவரிடம் பேசுங்கள்.

## அறிகுறி: நேர்கோட்டில்தான் ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றுமே கனமாக இருக்கிறது

லூப்புக்கு வெளியே போக வேண்டியது ஏதாவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் சந்தேகம் கன்சோல் லாக். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்போது ஆயிரக்கணக்கில் அச்சிட்டால் அதுவே பெரிய சுமை. அடுத்தது தேதியையும் எண்ணையும் வடிவமைக்கும் டு-லொகேல்-ஸ்ட்ரிங். ஒவ்வொரு வரிக்கும் இதைக் கூப்பிடுவது நல்ல விலை வாங்கும். Intl என்ற ஆப்ஜெக்டில் உள்ள டேட்-டைம்-ஃபார்மேட்டையோ நம்பர்-ஃபார்மேட்டையோ லூப்புக்கு வெளியே ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொண்டு, உள்ளே அதன் ஃபார்மேட்டை மட்டும் கூப்பிடுங்கள். அட்டவணை காட்டும் பக்கங்களில் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஃபில்டர் போட்டுவிட்டு முதல் உறுப்பை மட்டும் எடுக்கிறீர்களா? ஃபைண்ட் போடுங்கள். ஃபில்டர் போட்டு நீளம் பூஜ்ஜியமா என்று பார்க்கிறீர்களா? சம் (some) என்ற மெத்தட் இருக்கிறது, முதல் பொருத்தத்திலேயே நின்றுவிடும். ஃபார்ஈச்சில் ரிட்டர்ன் போட்டால் நிற்காது, அடுத்த உறுப்புக்குத்தான் போகும். பாதியில் நிற்க வேண்டுமென்றால் ஃபார்-ஆஃபும் பிரேக்கும்தான் சரி.

## அறிகுறி: அதே லூப், ஒரு அரேயில் வேகம், இன்னொன்றில் மந்தம்

அது உண்மையிலேயே அரேதானா? கெட்-எலிமெண்ட்ஸ்-பை-கிளாஸ்நேம் தருவது உயிருள்ள தொகுப்பு. லூப்புக்குள் பக்கத்தை மாற்றினால் தொகுப்பும் மாறும், நீளத்தை மறுபடி கணக்கிட வேண்டிவரும். அதே கிளாஸ் உள்ள எலிமெண்டை உள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் லூப் முடியவே முடியாது. அரே-ஃப்ரம் போட்டு நகலெடுங்கள், அல்லது மாறாத தொகுப்பைத் தரும் குவெரி-செலக்டர்-ஆல் பயன்படுத்துங்கள்.

ஃபார்-இன் போட்டிருக்கிறீர்களா? அரேக்கு அது வேண்டவே வேண்டாம். மெதுவானது என்பது இரண்டாவது குறை. முதல் குறை, அது தருவது ஸ்ட்ரிங் சாவிகள்: சுட்டெண்ணோடு ஒன்றைக் கூட்டினால் 1 வராது, "01" வரும். ப்ரோட்டோடைப்பில் யாராவது எதையாவது ஒட்டியிருந்தால் அதுவும் சுற்றில் வந்து நிற்கும்.

பெரிய ஐடியைச் சுட்டெண்ணாக வைத்தீர்களா? காலி அரேயில் 98765432-ஆம் இடத்தில் ஒன்றைப் போட்டால், வி8 அதை அடுக்கடுக்கான நினைவகமாக வைத்துக்கொள்ளாமல் அகராதி முறைக்கு மாற்றிவிடும். அரேயின் நீளமோ 98765433 என்று நிற்கும். சாதா ஃபார் லூப் அத்தனை இடத்தையும் சுற்றும். இங்கேயும் மருந்து மேப் ஆப்ஜெக்ட்தான்.

ஓட்டைகள்? நியூ அரே போட்டு நீளம் கொடுத்தாலும், டெலீட் போட்டு உறுப்பை நீக்கினாலும் ஓட்டை விழும். வி8 அரேக்கு உள்ளுக்குள் வகை பிரித்து வைக்கிறது: சிறு முழு எண் மட்டும், தசம எண், கலவை, இவை ஒவ்வொன்றிலும் ஓட்டை உள்ளது, இல்லாதது. நெருக்கமான வகையிலிருந்து தளர்வான வகைக்கு இறங்கினால் பொதுவாகத் திரும்ப ஏறாது. வேக வித்தியாசம் பல நேரம் சின்னதுதான், அதற்காக நிரலைப் புரட்டிப் போட வேண்டாம். ஆனால் ஃபார்ஈச் ஓட்டையைத் தாண்டிப் போகும், ஃபார்-ஆஃப் அன்டிஃபைன்ட் என்று கையில் கொடுக்கும். வடிவத்தை மாற்றியதும் விடையே மாறினால் காரணம் இதுதான்.

ஆப்ஜெக்டுகளின் உருவம் ஒன்றா? பெயர், வயது என்ற வரிசையில் சில, வயது, பெயர் என்ற வரிசையில் சில என்று உருவாக்கினால் எஞ்சினுக்கு அவை வேறு வேறு உருவங்கள். ஒரே வரியில் நான்கு உருவங்கள் வரை வி8 நினைவில் வைத்துச் சமாளிக்கும், அதற்கு மேல் பொதுத் தேடலுக்குப் போய்விடும். எல்லா ஆப்ஜெக்டையும் ஒரே ஃபங்ஷனில், ஒரே வரிசையில், இல்லாத புலத்துக்கு நல் (null) போட்டு உருவாக்குங்கள். இதற்கும் மசியவில்லை, எஞ்சின் திரும்பத் திரும்ப டீஆப்டிமைஸ் செய்கிறது (வேகமாகக் கட்டிய நிரலைக் கலைக்கிறது) என்று ட்ரேஸ் காட்டினால், அந்தப் பதிவுகளைப் படிக்கப் பழகியவரைக் கூப்பிடுவதுதான் லாபம்.

## அறிகுறி: லூப் ஓடும்போது திரை உறைந்துவிடுகிறது

பெர்ஃபார்மன்ஸ் பதிவில் ஊதா நிறப் பட்டைகள் பல்லைக் காட்டுகின்றனவா? அது லேஅவுட். லூப்புக்குள் ஆஃப்செட்-ஹைட் போன்ற அளவைப் படித்து, உடனே ஸ்டைலை எழுதி, அடுத்த சுற்றில் மறுபடி படித்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிரவுசர் பக்கத்தையே புதிதாக அளக்க வேண்டும். ஒரு லூப்பை இரண்டாக்குங்கள்: முதலாவதில் எல்லா அளவையும் படித்து அரேயில் வையுங்கள், இரண்டாவதில் எல்லாவற்றையும் எழுதுங்கள். லூப்பை இரண்டாக்கினால் வேகம் கூடுகிற அபூர்வமான இடம் இது.

ஊதா இல்லை, வெறும் மஞ்சள்தான் என்றால் கணக்கே நீளமானது. 50 மில்லிசெகண்டைத் தாண்டும் வேலையை பிரவுசர் நீண்ட வேலை என்று குறிக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதோ 16.7 மில்லிசெகண்ட். அரேயைத் துண்டு துண்டாகச் சுற்றி, நடுநடுவே மூச்சுவிட இடம் கொடுங்கள். ஷெட்யூலர்-யீல்ட் இருக்கும் பிரவுசரில் அது, இல்லாவிட்டால் செட்-டைம்அவுட். ஆனால் செட்-டைம்அவுட் ஒன்றுக்குள் ஒன்றாகச் சில அடுக்கு போனதும் குறைந்தது 4 மில்லிசெகண்ட் காக்க வைக்கும், ஆகவே துண்டுகள் ரொம்பச் சின்னதாக இருந்தால் மொத்த நேரம் ஊதிப்போகும்.

அதுவும் போதாவிட்டால், கணக்கைத் திரையிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டும் வெப் ஒர்க்கர். இங்கே செலவு கூடுகிறது: அனுப்பும் டேட்டா நகலெடுக்கப்படும், பெரிய ஆப்ஜெக்ட் அரே என்றால் அந்த நகலே திரையைச் சற்று நிறுத்தும். எண்கள் மட்டும் என்றால் அரே-பஃபரை நகலெடுக்காமல் கைமாற்றலாம்.

## அறிகுறி: லூப் நொடியில் முடிகிறது, விடை காலி

ஃபார்ஈச்சுக்குள் அசிங்க் ஃபங்ஷன், அதாவது விடையைப் பிறகு தரும் ஃபங்ஷன். ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. ஃபார்-ஆஃபுக்குள் அவெய்ட் போட்டால் விடை வரும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக: 100 கோரிக்கை, தலைக்கு 200 மில்லிசெகண்ட் என்றால் 20 செகண்ட். மேப் மெத்தடும் ப்ராமிஸ்-ஆலும் போட்டால் எல்லாம் ஒன்றாகப் போகும். எதிர்ப்பக்கச் சர்வர் தாங்குமா என்று பார்த்து, பத்துப் பத்தாக அனுப்புவது பாதுகாப்பு. சர்வர் உங்களுடையது இல்லையென்றால் வரம்பு எவ்வளவு என்று அதை நடத்துபவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: மாக்ஸிமம் கால் ஸ்டாக் என்று பிழை வருகிறது

மேத்-மாக்ஸுக்குள்ளோ புஷ்ஷுக்குள்ளோ பெரிய அரேயை ஸ்ப்ரெட் செய்திருப்பீர்கள். ஒவ்வொரு உறுப்பும் தனி ஆர்க்யுமென்ட்டாக ஸ்டாக்கில் ஏறுகிறது. சாதா லூப் போடுங்கள், முடிந்தது.

## அறிகுறி: என்னிடம் வேகம், பயனரிடம் மந்தம்

முதலில் டெவ்டூல்ஸில் சிபியு வேகத்தை 4 மடங்கோ 6 மடங்கோ குறைத்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் 30 மில்லிசெகண்ட் எடுப்பது விலை குறைந்த போனில் உறைந்து நிற்கலாம்.

அடுத்து, பயனருக்குப் போகும் பண்டிலை (ஒன்றாகக் கட்டிய நிரல் கோப்பை) திறந்து உங்கள் ஃபார்-ஆஃப் என்னவாக மாறியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரவுசர்களுக்காக, புது நிரலைப் பழைய வடிவத்துக்கு மாற்றும் பேபல் என்ற கருவி அதை இட்டரேட்டர் உதவி ஃபங்ஷன், ட்ரை-கேட்ச் எல்லாம் சுற்றிய மூட்டையாக மாற்றியிருக்கலாம். இலக்கு பிரவுசர்களின் பட்டியலைப் புதுப்பித்தாலே சரியாகும். பழையவற்றை விட முடியாதென்றால், சுற்றுவது எப்போதும் அரேதான் என்று பேபலிடம் சொல்லும் அமைப்பு இருக்கிறது.

## அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, லூப்பேதான் மேலே நிற்கிறது

சரி, இப்போது வடிவத்தைப் பேசலாம். சூடான நிரலில், ஓட்டையில்லாத அரேயில், சுட்டெண் ஃபார் பொதுவாக முன்னால் அல்லது சமமாக நிற்கும். ஃபார்-ஆஃப் அதை ஒட்டியே வரும். ஃபார்ஈச்சும் ரெட்யூஸும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும், எஞ்சின் அதை இழைத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. நீளத்தை முன்கூட்டியே வேரியபிளில் எடுத்து வைப்பதும், பின்னாலிருந்து வைல் போட்டுச் சுற்றுவதும் சாதாரண அரேக்கு இன்று பெரும்பாலும் எதையும் மாற்றுவதில்லை. படிக்கச் சிரமம் மட்டும் கூடும்.

ஃபில்டர், மேப், மறுபடி ஃபில்டர் என்று சங்கிலி போட்டிருந்தால் ஒவ்வொரு கண்ணியும் ஒரு இடைக்கால அரேயை உருவாக்கும். லட்சக்கணக்கான உறுப்புகளில் இது குப்பை சேகரிப்பை, அதாவது பயனில்லாத நினைவகத்தை எஞ்சின் விடுவிக்கும் வேலையைக் கிளப்பும். பதிவில் நினைவக வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கினால், சங்கிலியை ஒரே ஃபார்-ஆஃபாக மாற்றுங்கள். எண்கள் மட்டுமே என்றால் ஃப்ளோட்64அரே போன்ற டைப்டு அரேக்கு மாறலாம், அதில் ஓட்டையும் கிடையாது, கலவையும் கிடையாது. ஏறிய நினைவகம் இறங்கவே இல்லையென்றால் அது கசிவு, லூப் விவகாரம் இல்லை. ஹீப் ஸ்னாப்ஷாட் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

டைப்டு அரேக்குப் பிறகும் இழுத்தால் மிச்சமிருப்பது வெப்அசெம்ப்ளி, ஜிபியு, இல்லாவிட்டால் வேலையையே சர்வருக்குத் தள்ளுவது. மூன்றுமே விலை கூடியவை, தனியாக முடிவெடுக்க வேண்டாம். கூப்பிடும் நபரிடம் ப்ரொஃபைல் கோப்பு, பிரவுசர் அல்லது நோட் பதிப்பு, உறுப்புகளை இரட்டிப்பாக்கி எடுத்த நேரப் பட்டியல், லூப்பை மட்டும் தனியாக ஓட்டிக்காட்டும் சின்ன நிரல் ஆகிய நான்கையும் கொடுங்கள். உண்மையான டேட்டாவைத் தர முடியாவிட்டால் போலி டேட்டா போதும். ஆனால் அளவும் கலவையும் அப்படியே இருக்க வேண்டும்: அசலில் நல்லும் ஸ்ட்ரிங்கும் எண்ணும் கலந்து கிடந்தால், போலியிலும் அதே விகிதத்தில் கலந்து கிடக்கட்டும்.